பதிவு எண் உண்டு, பதிவேடு இல்லை

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சேவை நாய்களுக்கென்று மத்திய அரசின் பதிவேடு எதுவும் கிடையாது. நீதித்துறையிடம் இல்லை, போக்குவரத்துத் துறையிடம் இல்லை, சுகாதாரத் துறையிடமும் இல்லை. ஆனால் இணையத்தில் தேடினால் ‘தேசிய’, ‘அமெரிக்க’, ‘அதிகாரபூர்வ’ என்ற அடைமொழிகளோடு பதிவேடுகள் வரிசைகட்டி நிற்கும். பார்த்தால் அரசு அலுவலகம் போலவே இருக்கும். எல்லாம் தனியார் கடைகள்.

அங்கே பதிவு செய்வது வெகு சுலபம். உங்கள் பெயர், நாயின் பெயர், இனம், எடை, ஒரு புகைப்படம் போதும். அடுத்து விலைப்பட்டியல் வரும். வெறும் சான்றிதழ் ஒரு விலை. அடையாள அட்டையும் வேண்டுமென்றால் இன்னொரு விலை. ‘சேவை நாய்’ என்று தைத்த சிவப்பு அங்கி, கழுத்தில் தொங்கவிடும் வில்லை, ‘என்னைத் தொடாதீர்கள்’ என்ற துணிப்பட்டி எல்லாம் சேர்த்து வாங்கினால் அதற்கொரு விலை. சில பத்து டாலரில் தொடங்கி இருநூறு டாலர் வரை போகும். கடன் அட்டை எண்ணைத் தட்டி முடித்ததும் பதிவு எண் வந்துவிடும். நாயை யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு நாயைக் கண்டால் பாயுமா, தரையில் கிடக்கும் இறைச்சித் துண்டைத் தாண்டிப் போகுமா, வைத்திருப்பவர் மயங்கி விழுந்தால் என்ன செய்யும் என்று ஒரு கேள்வியும் இல்லை. அங்கியின் அளவை மட்டும் அக்கறையாகக் கேட்பார்கள்: சிறியதா, நடுத்தரமா, பெரியதா?

இந்த எண்ணுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. 1990 ஜூலை 26-இல் கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும், 2011 மார்ச் 15 முதல் நடைமுறையில் உள்ள அதன் திருத்திய விதிகளும் சேவை விலங்கு என்றால் என்ன என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன. மாற்றுத்திறனாளி ஒருவருக்காக ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யத் தனியே பழக்கப்பட்ட நாய்தான் சேவை விலங்கு. (குட்டை ரகக் குதிரைகளுக்குத் தனி விதி ஒன்று உண்டு. அது அபூர்வம், விட்டுவிடலாம்.) அந்த நாய்க்கு உணவகம், கடை, மருத்துவமனை, விடுதி என்று பொதுமக்கள் போகும் எல்லா இடங்களிலும் அனுமதி உண்டு. நாயின் வேலை என்ன என்பது பார்த்தவுடன் விளங்காவிட்டால், வாசலில் நிற்கும் ஊழியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம். உடல் அல்லது மனக் குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். குறைபாடு என்ன என்று கேட்கக் கூடாது. சான்றிதழைக் காட்டு என்று கேட்கக் கூடாது. ‘எங்கே, அந்த வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்’ என்றும் கேட்கக் கூடாது.

இணையத்தில் விற்கும் பதிவுச் சான்றுகள் எந்த உரிமையையும் தருவதில்லை, அவற்றைத் தாங்கள் ஆதாரமாக ஏற்பதும் இல்லை என்று நீதித்துறை தன் விளக்கக் குறிப்பில் நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் வியாபாரம் நடக்கிறது. வாசலில் நிற்கும் ஊழியர் அந்தக் குறிப்பைப் படித்திருக்கமாட்டார் என்ற நம்பிக்கைதான் அதன் முதலீடு. அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போவதில்லை.

சட்டம் எழுதியவர்கள் அட்டையைக் கட்டாயமாக்காமல் விட்டது மறதியால் அல்ல. சேவை நாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பார்வையற்றவரை வழிநடத்தும் நாய். முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் 1929-இல் ‘தி சீயிங் ஐ’ வந்தது. கலிஃபோர்னியாவில் 1942-இல் ‘கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்’ பள்ளியும், 1975-இல் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் பிறருக்கும் நாய்களைப் பழக்கித் தரும் ‘கெனைன் கம்பேனியன்ஸ்’ அமைப்பும் வந்தன. இத்தகைய பள்ளியில் ஒரு நாய் உருவாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடிக்கும், செலவு பல பத்தாயிரம் டாலர் ஆகும். பெரும்பாலான பள்ளிகள் நன்கொடையில் ஓடுவதால் நாயைப் பெறுபவர் கொடுப்பது கொஞ்சம்தான், அல்லது ஒன்றுமே இல்லை. ஆனால் காத்திருக்க வேண்டும். வலிப்பு, நீரிழிவு, போர்க்கள மன அதிர்ச்சி போன்றவற்றுக்கு நாய் தேவைப்படும் பலர் காத்திருக்க முடியாமல் தாங்களே பழக்கிக்கொள்கிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. பள்ளியின் முத்திரை கட்டாயம் என்று வைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது இவர்கள்தான். தவிர, நடக்க முடியாதவர் ரொட்டி வாங்கக் கடைக்குள் நுழைவதற்கு மற்ற எந்தக் குடிமகனிடமும் கேட்காத அனுமதிச் சீட்டை அவரிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்? அட்டை வேண்டாம் என்று வைத்ததில் ஒரு மரியாதை இருந்தது. என் பார்வையில் அது சரியான முடிவு.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. யாரும் எண்ணவில்லை.

அமெரிக்காவில் மொத்தம் எத்தனை சேவை நாய்கள்? 5 லட்சம் என்ற எண் கட்டுரைக்குக் கட்டுரை திரும்பத் திரும்ப வரும். பதிவே இல்லாத நாட்டில் அதை யார் எண்ணியிருக்க முடியும்? மக்கள்தொகைத் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில் குறைபாடுகள் பற்றி ஆறு கேள்விகள் உண்டு. கேட்பதில், பார்ப்பதில், நடப்பதில், நினைவாற்றலில், தன் வேலையைத் தானே செய்துகொள்வதில், தனியாக வெளியே போய்வருவதில் சிரமம் உண்டா என்று கேட்பார்கள். நாய் உண்டா என்று கேட்பதில்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகள் தாங்கள் தந்த நாய்களின் கணக்கை வைத்திருக்கின்றன. வீட்டில் பழகிய நாய்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆக, எத்தனை பேருக்கு நாய் தேவை, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், பொய் அங்கி போட்டவை எத்தனை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமலே சட்டமன்றங்கள் சட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அரசே பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் உணவு மற்றும் வேளாண்மைச் சட்டத்தில் 30850-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்படி மாவட்ட, நகர விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகங்கள் உதவி நாய்களுக்கு அடையாள வில்லை கொடுக்கின்றன. சாதாரண நாய்க்குக்கூட வெறிநோய்த் தடுப்பூசி போட்டு உரிமம் வாங்க வேண்டிய அதே ஜன்னல்தான். விண்ணப்பதாரர் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். தன் நாயைச் சேவை நாய் என்று வேண்டுமென்றே பொய் சொல்வது தண்டனைச் சட்டம் 365.7-இன்படி குற்றம் என்பது தனக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருக்கும். குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் கையெழுத்தைப் பார்க்கிறார், தடுப்பூசிச் சீட்டைப் பார்க்கிறார், வில்லையைக் கொடுக்கிறார். நாயைப் பழக்கியவர் யார், அது என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க அவருக்கு ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை.

டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்த அலுவலகங்களிடமிருந்து 1999 முதல் 2012 வரையிலான பதிவுகளைக் கேட்டு வாங்கி அலசினார்கள். ‘ப்ளாஸ் ஒன்’ ஆய்விதழில் 2015-இல் முடிவுகள் வெளிவந்தன. 2002-க்கும் 2012-க்கும் இடையில் சேவை நாய் வகையில் பதிவானவை பத்து மடங்காகியிருந்தன. மனநலத்துக்கும் மருத்துவ உதவிக்கும் என்று பதிவானவை வேகமாகக் கூடியிருந்தன. சிறிய ரக நாய்கள் அதிகரித்திருந்தன. சட்டப்படி சேவை நாய் என்ற வரையறைக்குள்ளேயே வராத, மன ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் நாய்களுக்கும் வில்லை போயிருந்தது.

அந்தப் பத்து மடங்கை எப்படிப் படிப்பது? ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் நாய்களின் உதவியை நாடத் தொடங்கிய பத்தாண்டு அது. சர்க்கரை இறங்குவதை மோப்பத்தால் உணர்ந்து எச்சரிக்கும் நாய்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சாலையில் ஓடாமல் பார்த்துக்கொள்ளும் நாய்கள் என்று புதிய பயன்கள் வந்த காலமும் அதுதான். சிறிய நாய் என்பதாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது. காது கேளாதவருக்கு அழைப்பு மணியை உணர்த்த ஒரு சிறிய நாய் தாராளமாகப் போதும். எனவே பெருக்கத்தில் ஒரு பகுதி உண்மையான தேவை. இன்னொரு பகுதி, வாடகை வீட்டிலும் கடையிலும் நாயை உள்ளே கொண்டுபோக வழி தேடியவர்களின் கூட்டம். எந்தப் பகுதி எவ்வளவு? பதிவேட்டைப் புரட்டினால் தெரியாது. கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்த எண்களை எத்தனை முறை கூட்டினாலும் கையெழுத்துகளின் கூட்டுத்தொகைதான் வரும். சோதனை இல்லாத பதிவு எண்ணிக்கையைத் தரும், தகவலைத் தராது. அதைவிட மோசம், அந்தப் பதிவுக்கு அரசின் முத்திரை இருக்கிறது. இணையக் கடையின் சிவப்பு அங்கியைச் சந்தேகிக்கும் கடைக்காரர்கூட மாவட்ட அலுவலகத்தின் வில்லையைச் சந்தேகிக்கமாட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. வழிகாட்டி நாய்ப் பயிற்சியாளர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கும் ஒரு வாரியம் கலிஃபோர்னியாவில் 1940-களின் இறுதியிலிருந்து இயங்கிவந்தது. அந்த நாட்டில் வேறு எந்த மாநிலத்திலும் அப்படி ஒன்று இல்லை. நாயின் கழுத்தில் வில்லை மாட்டாமல், பழக்குபவரின் திறமையைப் பார்த்த அமைப்பு அது. 2018 ஜனவரி 1 முதல் அது இல்லை. பழக்குபவரைச் சோதித்த அமைப்பு போய்விட்டது, யாரையும் சோதிக்காத வில்லை நீடிக்கிறது.

விமானங்களில் நடந்தது இதே கதைதான், அளவுதான் பெரிது. விமானப் பயணத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. அதன் பழைய விதிகள் மன ஆறுதல் விலங்குகளையும் கட்டணமின்றிப் பயணிகள் பகுதிக்குள் அனுமதித்தன. மனநல நிபுணரின் கடிதம் ஒன்று போதும். கடிதம் விற்கக் கடைகள் முளைத்தன. ‘ஏர்லைன்ஸ் ஃபார் அமெரிக்கா’ என்ற விமான நிறுவனங்களின் சங்கம் தந்த மதிப்பீட்டின்படி, விமானமேறிய மன ஆறுதல் விலங்குகள் 2016-இல் 4,81,000. மறு ஆண்டே 7,51,000. ஒரே ஆண்டில் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் பேருக்குப் புதிதாக மன ஆறுதல் தேவைப்பட்டது என்பதை நம்ப, நாம் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பதையும் நம்பத் தயாராக இருக்க வேண்டும்.

2017 ஜூனில் அட்லாண்டாவிலிருந்து சான் டியாகோ புறப்படவிருந்த டெல்டா விமானத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பயணியின் முகத்தைப் பக்கத்து இருக்கைக்காரரின் மடியிலிருந்த மன ஆறுதல் நாய் கடித்துக் குதறியது. ஜன்னலோர இருக்கை என்பதால் எழுந்து ஓடவும் இடமில்லை. அடுத்த ஜனவரியில் டெல்டா ஒரு கணக்கை வெளியிட்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 சேவை, ஆறுதல் விலங்குகளை ஏற்றிச் செல்கிறோம், 2016-லிருந்து விலங்குகளால் நேரும் சம்பவங்கள் 84 சதவீதம் கூடிவிட்டன என்றது. கடித்தது, மலம் கழித்தது, பாய்ந்தது எல்லாம் அதில் அடக்கம். அதே மாதம் நூவர்க் விமான நிலையத்தில் ஒருவர் மயிலைக் கொண்டுவந்து ஆறுதல் பறவை என்றார். யுனைடெட் நிறுவனம் ஏற்றவில்லை. பத்திரிகைகள் மயிலைப் பார்த்துச் சிரித்தன. முகம் கிழிந்த பயணியின் கதைக்கு அத்தனை இடம் கிடைக்கவில்லை.

2020 டிசம்பரில் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. 2021 ஜனவரி 11 முதல் மன ஆறுதல் விலங்குகளைச் சேவை விலங்காக ஏற்கும் கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. சேவை விலங்கு என்றால் நாய் மட்டும்தான், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு. நாயின் உடல்நலம், நடத்தை, பயிற்சி பற்றிய அரசுப் படிவத்தை நிறுவனம் கேட்கலாம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் பயணமானால், நாய் வழியில் அசுத்தம் செய்யாது என்பதற்கு இன்னொரு படிவமும் கேட்கலாம். இந்தப் படிவங்களில் பொய் எழுதினால் மத்திய அரசை ஏமாற்றிய குற்றம். பழைய கூத்து பெருமளவு குறைய இது உதவியது என்பது நியாயமான பேச்சு. ஆனால் இங்கேயும் அரசு வாங்கிக்கொள்வது கையெழுத்தைத்தான். நேற்று ஆறுதல் நாய்க் கடிதம் விற்ற கடைகள் இன்று மனநலச் சேவை நாய் அட்டை விற்கின்றன.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வீட்டுச் செல்லம் அங்கி போட்டுக்கொண்டு கடைக்குள் வந்துவிட்டுப் போனால் என்ன குடிமுழுகிவிடும்?

பார்வையற்ற ஒருவர் வழிகாட்டி நாயோடு பல்பொருள் அங்காடியில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடது கையில் பிடித்திருப்பது கயிறு அல்ல, நாயின் மார்போடு பொருந்திய கெட்டியான கைப்பிடி. நாயின் தோள் அசைவு அந்தக் கைப்பிடி வழியாகத்தான் அவர் கைக்கு வருகிறது. இடப்பக்கம் திரும்புகிறோம், நிற்கிறோம், தள்ளுவண்டியைச் சுற்றிப் போகிறோம் என்று எல்லாம் அதில் தெரியும். எதிரே அங்கி மாட்டிய ஒரு வீட்டு நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. வழிகாட்டி நாயின் தலை திரும்புகிறது. கைப்பிடி ஒரு பக்கம் இழுபட்டுத் தளர்கிறது. அந்தக் கணமே அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எதிரில் வந்த நாய் எவ்வளவு பெரியது, கடித்ததா, தன் நாய்க்கு ரத்தம் வருகிறதா என்பதும் தெரியாது. குனிந்து நாயின் உடம்பைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது கடையில் நடந்தால் இவ்வளவு. சாலையைக் கடக்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

‘தி சீயிங் ஐ’ 2011-இல் அமெரிக்காவின் வழிகாட்டி நாய்ப் பயனாளர்களிடம் கேட்டபோது 44 சதவீதம் பேர் தங்கள் நாய் ஒரு முறையாவது தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஆக்ரோஷமான நாய் குறுக்கிட்டு வேலையைக் கெடுத்த அனுபவம் 83 சதவீதம் பேருக்கு இருந்தது. தாக்கிய நாய்கள் எல்லாம் பொய் அங்கி போட்டவை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. தெருவில் அவிழ்த்துவிட்ட நாய்களும் அதில் உண்டு. ஆனால் தெருவில் இருக்கும் அபாயம் கடைக்குள்ளும் விமானத்துக்குள்ளும் வர நுழைவுச் சீட்டு விற்றது இந்த வியாபாரம்தான். ஒரு முறை கடிபட்ட வழிகாட்டி நாய், காயம் ஆறிய பிறகும் மற்ற நாய்களைக் கண்டு மிரளத் தொடங்கினால் அதன் வேலை முடிந்தது. இரண்டு ஆண்டுப் பயிற்சி, பல பத்தாயிரம் டாலர் செலவு, பார்வையற்ற ஒருவரின் சுதந்திரம் மூன்றும் ஒன்றாகப் போகும். அவர் மறுபடி காத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னொரு நஷ்டம் மெதுவாக நடக்கிறது. அங்கி போட்ட நாய் இறைச்சிப் பகுதியில் காலைத் தூக்கியதை ஒரு முறை பார்த்த மேலாளர் அடுத்த அங்கியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்தச் சந்தேகம் வந்து விழுவது உண்மையான பயனாளர் தலையில். குறைபாடு வெளியே தெரியாதவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வலிப்பு நோய்க்காரரும் மன அதிர்ச்சியிலிருந்து மீளாத படைவீரரும் ‘உங்களைப் பார்த்தால் ஒன்றுமில்லையே’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் கடைக்காரரின் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. நாய் கட்டுக்குள் இல்லை, வைத்திருப்பவர் அடக்கவும் முயலவில்லை என்றால், அல்லது உள்ளே அசுத்தம் செய்தால், அது அசல் சேவை நாயாகவே இருந்தாலும் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். ஆள் மட்டும் திரும்பி வந்து பொருள் வாங்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். சட்டம் நாயின் நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. கடைக்காரர்களோ வழக்குக்குப் பயந்து நடத்தையைப் பார்க்காமல் அங்கியைப் பார்க்கிறார்கள். அங்கி வியாபாரம் செழிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மாநிலங்கள் தண்டனைப் பக்கம் போயின. ஃபுளோரிடா 2015-இல் பொய் சேவை நாயைக் குற்றமாக்கியது. 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறை, அதோடு மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பில் 30 மணி நேரச் சேவை. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் உண்டு. காகிதத்தில் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையைக் கேட்கவும் கூடாது, குறைபாட்டைக் கேட்கவும் கூடாது என்று இருக்கும்போது ‘வேண்டுமென்றே பொய் சொன்னார்’ என்பதை நிரூபிப்பது எப்படி? வாங்குபவரைத் துரத்தும் இந்தச் சட்டங்களில் பல, விற்பவரைத் தொடுவதே இல்லை. 2019 நவம்பரில் மத்திய வீட்டுவசதித் துறை, வாடகை வீட்டில் நாய் வைத்துக்கொள்ளக் கடிதம் விற்கும் தளங்களை விசாரிக்குமாறு வணிக ஆணையத்துக்கு எழுத வேண்டி வந்தது. விற்பவர் பக்கம் உருப்படியாகக் கைவைத்தது கலிஃபோர்னியா. அங்கே 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஆறுதல் நாயையோ அதற்கான அங்கி, வில்லை, சான்றிதழையோ விற்பவர், ‘இதனால் இந்த நாய்க்குச் சேவை நாயின் உரிமைகள் கிடைக்காது’ என்று எழுத்தில் தர வேண்டும். கடிதம் கொடுக்கும் மருத்துவர் அந்த நோயாளியை 30 நாளாவது கவனித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் கடிதம் தரும் தொழிலுக்கு இது ஓர் அடி.

அப்படியானால் கட்டாயப் பதிவுதானே தீர்வு என்று தோன்றும். ஜப்பானைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2002-இல் வந்த சட்டத்தின்படி அங்கே வழிகாட்டி நாய், உடலுதவி நாய், செவியுதவி நாய் என்று மூன்றே வகை. பயனாளரும் நாயும் சேர்ந்தே சோதனைக்குப் போக வேண்டும். தேறினால் அங்கீகாரம், நாயின் உடம்பில் எண்ணோடு கூடிய அட்டை, கையில் சுகாதாரப் பதிவேடு. சுகாதார அமைச்சகம் எண்ணிக்கையை வெளியிடுகிறது. கணக்கு துல்லியம், ஏமாற்றுவது கடினம். ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு? வழிகாட்டி நாய்கள் 800-ஐ ஒட்டி. மற்ற இரண்டு வகையும் தனித்தனியே நூறைக்கூட எட்டவில்லை. 12 கோடிப் பேர் வாழும் நாடு அது. வலிப்புக்கும் மனநலத்துக்கும் உதவும் நாய்களுக்கு அந்த மூன்று வகையில் இடமே இல்லை. கதவு இறுக்கமாக இருந்தால் திருடர் மட்டும் வெளியே நிற்பதில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா நடுவழியை எடுத்தது. 2016 முதல் அங்கே, சர்வதேச அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பழகிய நாய்க்கு நேரடிச் சான்று. வீட்டில் பழக்கியவருக்கும் வழி உண்டு, ஆனால் பொது இடத்தில் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்ற சோதனையில் தேற வேண்டும். தேறினால் மாகாண அரசின் அடையாள அட்டை. பொய் சொன்னால் 3,000 கனடிய டாலர் வரை அபராதம். நாடு முழுவதற்கும் ஒரே தரம் கொண்டுவர கனடா எடுத்த முயற்சி 2018-இல் எதிர்ப்பால் கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஏற்காத தரத்தை எழுதப் போனால் இப்படித்தான் முடியும்.

அமெரிக்கச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி திறந்திருக்கிறது. கட்டாயப் பதிவு கூடாதே தவிர, விரும்பியவர்கள் பதிவு செய்துகொள்ளும் ஏட்டை உள்ளாட்சிகளும் கல்லூரிகளும் வைத்துக்கொள்ளலாம் என்று நீதித்துறை சொல்கிறது. வெள்ளத்திலோ காட்டுத்தீயிலோ வீட்டைக் காலி செய்ய வைக்கும்போது, இந்த வீட்டில் ஒருவரும் அவருடைய சேவை நாயும் இருக்கிறார்கள், இருவரையும் பிரிக்காமல் அழைத்துவர வேண்டும் என்று மீட்புப் படைக்குத் தெரிவதற்கான ஏடு அது. ஆண்டுதோறும் காட்டுத்தீயில் ஊர்களைக் காலி செய்யும் கலிஃபோர்னியாவுக்கு இதன் அருமை தெரிந்திருக்க வேண்டும். இந்த ஏட்டில் பெயர் இருப்பதால் கடைக்குள் நுழையும் உரிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனாலேயே இதில் பொய் சொல்ல யாருக்கும் பெரிய ஆசை வராது. அதோடு பயிற்சிப் பள்ளிகள் தந்த நாய்களின் கணக்கையும், காத்திருப்போர் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட்டால், இன்றைய இருட்டைவிட எவ்வளவோ மேல். வீட்டில் பழக்கியவர்களுக்கு இலவசமான, கட்டாயமில்லாத நடத்தைச் சோதனை ஒன்றை அரசு நடத்தலாம். சோதனையை விட்டுவிட்டு வில்லையை மட்டும் கொடுக்கும் இப்போதைய வழக்கத்தை நிறுத்த வேண்டும். இவை இல்லாமல் இன்னொரு பதிவேடு தொடங்கினால், இணையக் கடைகளுக்கு அரசே ஒரு கிளை திறந்த மாதிரி.

அமெரிக்காவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது குறைவில்லை. விடுமுறைக்கு நாயை எங்கே விடுவது என்ற சங்கடத்தில் யாராவது ஒரு நண்பர், ‘அறுபது டாலர் கட்டினால் அட்டை வந்துவிடும், எங்கும் கொண்டுபோகலாம்’ என்று யோசனை சொல்வார். அந்த அட்டையால் உங்களுக்கு எந்த உரிமையும் வராது. அதைக் காட்டி உள்ளே போனால் பல மாநிலங்களில் குற்ற வழக்கு வரலாம். குடியுரிமையோ விசாவோ நிலுவையில் உள்ளவர்கள் அறுபது டாலருக்காக இந்த ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு விமானங்களுக்கும் அதே போக்குவரத்துத் துறை விதிதான் என்பதால், ஊருக்குப் போகும்போதும் இந்த அட்டை எடுபடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே சேவை நாய் தேவைப்பட்டால், அவரைக் கவனிக்கும் மருத்துவரிடமும் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியிடமும் பேசுங்கள். விமானத்துக்கான அரசுப் படிவம் போக்குவரத்துத் துறையிடமே இலவசமாகக் கிடைக்கிறது. நாயைப் பார்க்காமல் பதிவு எண் தருகிறவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.